வரைபடத்தின் வயதைக் காட்டும் தண்டவாளம்

கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டத்துக்கு நிகரான நிர்வாகப் பிரிவு. இங்கிலாந்தில் கவுண்டி வரைபடம் சேகரிப்போர் 1579-இல் வெளிவந்த கிறிஸ்டோபர் சாக்ஸ்டனின் தொகுப்பையே தலையாயதாகப் போற்றுகின்றனர். தமிழ்நாட்டில் அதனோடு ஒப்பிடத்தக்கது, சென்னையில் பாரோ நிறுவனம் 1854-இல் வெளியிட்ட தென்னிந்திய வரைபடத் தொகுப்பாகும். மறு ஆண்டு அதே நிறுவனம், ஊர் விவரங்களைத் திரட்டித் தரும் கெசட்டியர் ஒன்றையும் வெளியிட்டது.

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சைதாப்பேட்டைத் தாலுகாவைச் சேர்ந்திருந்த அம்பத்தூர், பழைய தாளொன்றின் காலத்தைக் கணிக்க நல்ல உரைகல். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையிலான இருப்புப்பாதை, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தடமாக 1856 ஜூலை 1 அன்று இவ்வூர் வழியே திறக்கப்பட்டதால், அப்பாதை முழுக்கோடாக வரையப்பட்ட தாள் பெரும்பாலும் அதற்குப் பின்னர் அச்சானதாகவே இருக்கும். ஆயினும் திட்ட நிலையில் இருந்த பாதைகளைப் புள்ளிக்கோட்டால் முன்கூட்டியே காட்டும் வழக்கமும் இருந்தமையால் கோட்டின் தன்மையைக் கூர்ந்து நோக்க வேண்டும்.

ஓரத்தில் பொறித்த ஆண்டை மட்டும் நம்பலாகாது என்பதற்கு, கிழக்கிந்தியக் கம்பெனி 1827 முதல் ஓர் அங்குலத்துக்கு நான்கு மைல் என்ற அளவில் வெளியிடத் தொடங்கிய இந்திய வரைபடத் தொகுப்பே சான்று. இலண்டனில் செதுக்கப்பட்ட அதன் செப்புத் தகடுகள் விலைமதிப்புள்ளவை. செம்பு மென்மையான உலோகமாதலால், பிழையான இடத்தைச் சுரண்டி, பின்புறத்திலிருந்து தட்டிச் சமன்செய்து, புதிய இருப்புப்பாதையையோ சாலையையோ அங்கே செதுக்கிச் சேர்த்து, ஒரே தகட்டைப் பல பத்தாண்டுகள் பயன்படுத்த முடிந்தது. ஆகவே முதல் வெளியீட்டின் ஆண்டைச் சுமந்த தாள், உண்மையில் ஒரு தலைமுறை பின்னால் அச்சிடப்பட்டதாகவும் இருக்கலாம். தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் தாளில் தெரிந்தால் அது செப்பச்சு என்று கொள்ளலாம். சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப்பசை மையால் வரைந்து அச்சிடும் கல்லச்சில் அத்தடம் இராது.

முழுத் தொகுப்பை விற்பதைவிடத் தாள் தாளாகக் கிழித்து விற்றால் கூடுதல் பணம் கிட்டும் என்பதால், வணிகர்கள் பழைய தொகுப்புகளைப் பிரித்து, மங்கியவற்றுக்குப் புது வண்ணமும் தீட்டிவிடுகின்றனர். வரலாற்றுக்கு இழைக்கப்படும் தீங்கு என்றே இதைச் சொல்ல வேண்டும். நூறாண்டு கடந்த தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தாலும், உள்நாட்டில் நடக்கும் இந்தக் கிழிப்பை அது தொடுவதில்லை.