திருடினவனுக்குக் கிடைத்தது 200 ரூபாய். வாங்குவதற்கு ஊரில் ஒரே ஆள்! 'ஸ்டாண்டர்டு 2000' காரைக் கட்டி மேய்க்கும் மாம்பலம்வாசி

மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் நிற்கும் காரின் பின்விளக்கை இரவோடு இரவாக யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். விளக்கு போனது பெரிய சேதி அல்ல. சென்னையில் தினமும் எத்தனையோ போகிறது. அது திரும்பி வந்த கதைதான் சேதி.

காரின் சொந்தக்காரர் அரசு அலுவலகம் ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 68. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "ஏற்கனவே சந்துல எல்லாரும் 'கார்க்காரர்'னுதான் கூப்பிடறாங்க. அது போதும்" என்கிறார்.

காலையில் பால் வாங்க வெளியே வந்தவர் காரின் பின்பக்கம் ஓட்டையாக இருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டார். நேரே போலீஸ் நிலையத்துக்குப் போனார். அங்கே நடந்த உரையாடல் இது:

"என்ன கார் சார்?"

"ஸ்டாண்டர்டு."

"ஸ்டாண்டர்டு மாடலா, டீலக்ஸ் மாடலா?"

"மாடல் இல்லீங்க. கம்பெனி பேரே ஸ்டாண்டர்டு."

"அப்படி ஒரு கம்பெனி இருக்கா சார்?"

"இருந்துச்சு."

கடைசியில் ஏட்டு "பழைய கார்" என்று எழுதிக்கொண்டாராம்.

மூன்றாம் நாள் டெலிபோன் மணி அடித்தது. பேசியது போலீஸ் அல்ல. புதுப்பேட்டையில் பழைய கார்களை உடைத்து உதிரி பாகம் விற்கும் கடைக்காரர். "சார், உங்க லைட்டு நம்ம கடைக்கு வந்திருக்கு. வந்து எடுத்துக்குங்க."

நடந்தது இதுதான். விளக்கைத் திருடிய பையன் அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறான். எந்த வண்டி விளக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. நாலாவது கடையில் 200 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கடைக்காரருக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. "இதைக் கேட்டு நம்ம கடைக்கு வர்ற ஆளு ஒருத்தர்தான். முப்பது வருஷமா வர்றார். வேற யாருகிட்ட விப்பேன்?" என்கிறார்.

கார்க்காரர் அந்த 200 ரூபாயைக் கொடுத்துவிட்டு, கூட ஒரு டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு விளக்கோடு வீடு திரும்பினார். "என் விளக்கை நானே காசு கொடுத்து வாங்கினேன். ஆனா சந்தோஷமா வாங்கினேன். போயிருந்தா கார் மூலையிலதான் நிக்கணும்." பையன் அகப்படவில்லை.

லண்டன் கார், வண்டலூர் ரேஷன் கார்டு

அப்படி என்ன கார் அது?

இந்தத் தலைமுறைக்கு ஸ்டாண்டர்டு என்றால் தெரியாது. அறுபதைத் தாண்டியவர்களைக் கேட்டால் "ஹெரால்டு" என்று முகம் மலரும். வண்டலூர் அருகே ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே இருந்தது அந்த ஆலை. 1948-ல் இங்கிலாந்துக் கம்பெனியின் கூட்டோடு தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ், வான்கார்டு கார், ஸ்டாண்டர்டு டென் கார் என்று வெளியிட்டு, 1961-ல் ஹெரால்டைக் கொண்டுவந்தது. அம்பாசிடர் கல்கத்தா, பியட் பம்பாய், ஹெரால்டு மெட்ராஸ். அப்படித்தான் நாடு பிரிந்து கிடந்தது. எழுபதுகளில் 'கெசல்' என்று ஒரு கார் வந்தது. அப்புறம் சில ஆண்டுகள் கார் உற்பத்தியே இல்லை.

1985-ல் திடீரென்று ஒரு வெடி. 'ஸ்டாண்டர்டு 2000.'

அது புதுக் கார் அல்ல. 1976-ல் இங்கிலாந்தில் ரோவர் கம்பெனி வெளியிட்ட 'எஸ்.டி.1' கார்தான் அது. 1977-ம் ஆண்டின் சிறந்த ஐரோப்பிய கார் என்று பரிசு வாங்கியது. மூக்கு நீண்டு, முதுகு சரிந்து, பார்த்தால் பந்தயக் கார் போல இருக்கும். அதையே இங்கேயும் தயாரிக்கத் தொடங்கினார்கள். சீமைச் சீமாட்டிக்கு வண்டலூரில் ரேஷன் கார்டு கிடைத்தது என்று சொல்லலாம்.

ஆனால் கொஞ்சம் பொறுங்கள். சட்டைதான் லண்டன். வயிறு வேறு.

ரோவர் முதலில் அந்தக் காரில் வைத்தது 3528 சி.சி., எட்டு சிலிண்டர் என்ஜின். 155 குதிரை சக்தி. வண்டலூரில் வைத்தது 1991 சி.சி., நாலு சிலிண்டர். சுமார் 83 குதிரை சக்தி. அதுவும் 1940-களில் வான்கார்டு காருக்காகப் பிறந்த என்ஜின் குடும்பம். அதே குடும்பத்து என்ஜினைத்தான் அந்தக் காலத்தில் பெர்குசன் டிராக்டரிலும் போட்டு வயலில் உழுதார்கள். "டிராக்டர் என்ஜின்" என்று அப்போது ஊரார் கேலி செய்ததில் உண்மை இல்லாமல் இல்லை.

விலையோ இரண்டு லட்சத்தைத் தாண்டியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதன் விலை 47,500 ரூபாய். ஒரு ஸ்டாண்டர்டு 2000 விலைக்கு நாலு மாருதி! பெட்ரோலையும் குடித்தது. அதே காலத்தில் கான்டசாவும் பிரீமியர் 118 என்.இ.யும் போட்டிக்கு வந்துவிட்டன. 1988-ல் ஆலை மூடப்பட்டது. மூன்றே வருடக் கார்.

ஒரு கிரவுண்டு நிலம் போச்சு

மாம்பலம் காரை வாங்கியவர் இவருடைய அப்பா. மர வியாபாரி. 1986-ல் குரோம்பேட்டையில் வைத்திருந்த ஒரு கிரவுண்டு மனையை விற்று இந்தக் காரை வாங்கினார். கோடம்பாக்கத்தில் படக் கம்பெனி வாசலில் இதே கார் நிற்பதைப் பார்த்து ஆசை வந்துவிட்டதாம்.

"அந்த கிரவுண்டு இன்னிக்கு இருந்தா என்ன விலை தெரியுமா?" என்று உள்ளேயிருந்து வீட்டு அம்மாள் குரல் கொடுத்தார். கார்க்காரர் பதில் சொல்லவில்லை. நாற்பது வருடமாகக் கேட்கிற கேள்வி போலிருக்கிறது.

ஆனால் அதே அம்மாள்தான் இன்னொரு கதையையும் சொன்னார். 1999-ல் ஒரு நாள் இரவு 2 மணி. மாமனாருக்கு நெஞ்சு வலி. ஆட்டோ கிடையாது. ஆம்புலன்சுக்குப் போன் செய்து காத்திருக்கப் பயம். இந்தக் காரின் பின் சீட்டில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். "வழியெல்லாம் அவர் வலியைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. 'கிளச்சை ஏன்டா அரைக்கிறே'ன்னு மகனைத் திட்டிக்கிட்டே வந்தார்." பிழைத்தார். அப்புறம் நாலு வருடம் இருந்தார்.

இதில் ஒரு வேடிக்கையான பொருத்தம் உண்டு. இந்தக் காரின் லண்டன் அண்ணன், போலீஸ் ரோந்துக் காராகப் பேர் வாங்கியது. 1987 மே மாதம், மாற்று அறுவை சிகிச்சைக்காக வந்த ஈரல் ஒன்றை ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் இருந்து லண்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 27 மைல். நடுப்பகல் போக்குவரத்து. லண்டன் போலீசார் ரோவர் எஸ்.டி.1 காரில் அரை மணி நேரத்தில் கொண்டு சேர்த்தார்கள். நோயாளி பிழைத்தார். அந்த ஓட்டத்தைப் போலீசார் படம் பிடித்திருக்கிறார்கள். கார்க்காரர் அதைப் பேரனின் போனில் எத்தனை முறை பார்த்திருப்பார் என்று கணக்கே இல்லை.

வாஷருக்கு வனவாசம்

சரி, இன்றைக்கு இதை ஓட்டுவது எப்படி?

காரின் நீளம் 15 அடிக்கு மேல். சந்தின் அகலத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். திருப்பும்போது எதிர் வீட்டு ஸ்கூட்டரை நகர்த்த ஒரு ஆள் வேண்டும். லிட்டருக்கு 7 கிலோ மீட்டர். "நல்ல மனசா இருந்தா 8." பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிவிட்ட பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சவாரி.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. அந்தக் காலத்து ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது. ஊறி, வெடித்து, கசியும். என்ஜின் சூட்டில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியது இல்லை. போன வருடம் எல்லாக் குழாயையும் மாற்றினார். வாரத்துக்கு ஒரு முறை பானெட்டைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார். ஆமாம், முகர்ந்துதான்.

என்ஜினுக்குப் பயம் இல்லையாம். லைனர் கழற்றி மாற்றக்கூடியது. லேத் பட்டறையில் கொடுத்தால் எதையும் கடைந்து தருவார்கள். கஷ்டமெல்லாம் சின்னச் சாமானில்தான். கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஓரத்து ரப்பர், விளக்கு மூடி, பிரேக் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். இவற்றைக் கடைய முடியாது. யாரிடமும் கிடையாது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், வண்டலூர் ஆலை மூடிய பிறகு மிச்சம் இருந்த பாகங்களை இங்கிலாந்து உதிரி பாக வியாபாரிகள் மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார்கள். ரோவர் வைத்திருப்பவர்களுக்கு அங்கே விற்பனை நடந்தது. அதாவது, தாம்பரம் பக்கத்தில் அடித்த தகரம் கப்பல் ஏறி லண்டன் போனது. மாம்பலத்துக்காரர் அதை வேண்டுமென்றால் லண்டனில் இருந்து வரவழைக்க வேண்டும். பொருளின் விலையைவிட அனுப்பும் கூலியும் சுங்க வரியும் அதிகம்.

பெட்ரோல் செலவு தாங்காமல் சிலர் டீசல் என்ஜினைத் தூக்கி மாட்டினார்கள். பலர் காயலான் கடைக்குக் கொடுத்தார்கள். அப்படி உடைபட்ட கார்களில் இருந்துதான் இந்தக் கார் உயிர் வாழ்கிறது. இனி உடைப்பதற்கும் அதிகம் மிச்சம் இல்லை.

ஞாயிறு தோறும் வரும் அண்ணன்

காரைப் பார்த்துக்கொள்ள ஞாயிறு தோறும் ஊரப்பாக்கத்தில் இருந்து மின்சார ரெயில் பிடித்து ஒருவர் வருகிறார். வயது 74. வண்டலூர் ஆலையில் கதவு பொருத்தும் பிரிவில் வேலை பார்த்தவர். 1988-ல் ஆலை மூடியபோது அவருக்குக் கையில் இரண்டு குழந்தைகள். ஆட்டோ ஓட்டிப் பிழைத்தார். அந்த இடத்தில் இன்று ஐ.டி. கட்டிடங்கள் நிற்கின்றன. பேரன் ஒருவன் அந்தப் பக்கத்தில்தான் வேலை பார்க்கிறானாம்.

கூலி வாங்குவது இல்லை. மதியச் சாப்பாடு மட்டும். "கதவைச் சாத்திப் பாரு தம்பி" என்கிறார். சாத்தினால் 'டப்' என்று ஒரே சத்தம். "நாங்க மாட்டின கதவு. இன்னும் தொங்கலை பாரு" என்று அவர் சொல்லும்போது கார்க்காரர் வேறு பக்கம் பார்க்கிறார்.

2036-க்கு இன்னும் இரண்டு தாவல்

இப்போது பிரச்சினை வேறு. ஆர்.சி. புத்தகத்தின் காலம் 2026-ல் முடிகிறது. "15 வருஷம் ஆனா நசுக்கிடுவாங்களாமே" என்று சந்தில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அது டெல்லிச் சட்டம். இங்கே சொந்தக் காரைச் சோதனைக்குக் காட்டித் தேறினால் ஐந்தைந்து வருடமாக நீட்டித்துக்கொள்ளலாம். ஆனால் கட்டணம்தான் ஏறிக்கொண்டே போகிறது. முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரலில் 5,000. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000.

50 வருடம் ஆகிவிட்டால் 'விண்டேஜ்' என்று தனி மரியாதை உண்டு. 2021-ல் வந்த விதி அது. தனி நம்பர் பிளேட்டு. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும். 1986-ல் பிறந்த காருக்கு அது 2036-ல்தான் வரும். அதுவரை 2026, 2031 என்று இரண்டு முறை சாதாரணக் காராகவே தேற வேண்டும். வைத்துக் கொண்டாடும் வயதும் இல்லை, ஓட்டிப் பிழைக்கும் வயதும் இல்லை. வேலையும் கிடைக்காமல் பென்ஷனும் வராத ஆள் மாதிரி நடுவில் நிற்கிறது.

அப்படியே விண்டேஜ் ஆனாலும் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்க்க, பெட்ரோல் போட. அவ்வளவுதான். "அப்ப இதுல கோயம்பேடு போய்க் காய்கறி வாங்க முடியாதா?" என்று வீட்டு அம்மாள் கேட்டார். முடியாது.

2036-ல் கார்க்காரருக்கு 78 வயது. அண்ணனுக்கு 84. மகன் பெங்களூரில் இருக்கிறார், அவருக்கு வேண்டாமாம். கோவையில் இருந்து ஒரு பணக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பி விலை பேசிவிட்டார். சொன்ன விலை கார்க்காரரின் ஓராண்டு பென்ஷனுக்கு மேல். பதில் இன்னும் போகவில்லை.

அடுத்த மாதம் ஆர்.டி.ஓ. சோதனை. பிரேக் லேசாக இடதுபுறம் இழுக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் வாஷருக்கு லண்டனுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. பார்சல் சுங்கத்தில் நிற்பதாகச் சேதி. கடந்த ஞாயிறு அண்ணன் பழைய வாஷரைக் கழற்றி, கழுவி, திருப்பி மாட்டினார். மாட்டிவிட்டு, "சந்து முனை வரைக்கும் போ தம்பி, அதுக்கு மேல போகாதே" என்றார்.