செல்போனில் கடை விரிக்கிறீர்களா? சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்!

மதுரை வியாபாரியின் கையில் இன்று கடைச் சாவியோடு செல்போனும் இருக்கிறது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை ஏறினால், அடுத்த நிமிடமே வாட்ஸ்அப்பில் தெரிந்துவிடுகிறது. புதுச் சுங்குடிச் சேலை வந்தால் இன்ஸ்டாகிராமில் படம் வருகிறது. திருமங்கலத்திலும் மேலூரிலும் பெண்கள் வீட்டில் இருந்தபடியே அப்பளமும் இட்லிப் பொடியும் விற்கிறார்கள்.

செலவு இல்லாத விளம்பரம். நல்லதுதான். ஆனால் அதுவே வில்லங்கமாகவும் முடியலாம். எப்படி என்று பார்ப்போம்.

கோபத்தில் எழுதாதீர்கள்

கீழமாசி வீதியில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்கடைக்காரர் விலையைக் குறைத்துவிட்டார். இவருடைய வியாபாரம் படுத்துவிட்டது. ஆத்திரம் தாங்கவில்லை. "அந்தக் கடை எண்ணெயில் கலப்படம். யாரும் வாங்காதீர்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடுகிறார்.

கலப்படத்துக்கு ஆதாரம் உண்டா? இல்லை என்றால் அது அவதூறு!

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 356-வது பிரிவு இதைக் குற்றம் என்கிறது. 2 ஆண்டு வரை ஜெயில் கிடைக்கலாம். அபராதமும் விதிக்கலாம். பெயர் கெட்டதற்கு நஷ்டஈடு கேட்டுத் தனி வழக்கும் போடலாம். ஆயுள் முழுவதும் சேர்த்த முதல், கோர்ட்டுச் செலவிலேயே கரைந்துவிடும்.

உண்மையிலேயே கலப்படம் என்று சந்தேகமா? உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் புகார் கொடுங்கள். அதுதான் முறை.

"இன்டர்நெட்டில் எழுதினால் பிடிக்கும் சட்டத்தைத்தான் ரத்து செய்துவிட்டார்களே!" என்று சிலர் சொல்வது உண்டு. 2015-ம் ஆண்டு மார்ச் 24-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை மட்டுமே. அவதூறுச் சட்டம் அப்படியே இருக்கிறது.

"நான் எழுதவில்லையே!"

"வந்ததை அனுப்பினேன். அவ்வளவுதான்" என்று சொல்லித் தப்ப முடியாது.

நடிகர் எஸ்.வி.சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை 2018-ல் பேஸ்புக்கில் பகிர்ந்தார். பிறகு அதை நீக்கினார். மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் வழக்கை ரத்து செய்ய சென்னை ஐகோர்ட்டு 2023-ல் மறுத்துவிட்டது. சுப்ரீம் கோர்ட்டும் கை கொடுக்கவில்லை.

வில்லில் இருந்து புறப்பட்ட அம்பு திரும்பி வருமா?

குழு நடத்துபவர் கதி என்ன?

பல வியாபாரிகள் வாட்ஸ்அப் குழு நடத்துகிறார்கள். அதில் வேறு ஒருவர் தப்பாக எழுதினால், குழுவின் 'அட்மின்' மாட்டுவாரா?

இந்தக் கேள்விக்கு நம் மதுரையிலேயே பதில் கிடைத்திருக்கிறது. கரூர் வக்கீல்களின் குழு ஒன்றில் வந்த பதிவுக்காக, குழுவின் அட்மின் மீதும் போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். அவர் ஐகோர்ட்டு மதுரைக் கிளைக்கு வந்தார். 2021 டிசம்பரில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் விசாரித்தார். அட்மின் வேலை மட்டும் பார்த்தவர் என்றால், குற்றப்பத்திரிகையில் அவர் பெயரைச் சேர்க்கக் கூடாது என்று உத்தரவிட்டார்.

ஆனால் அட்மினும் சேர்ந்து தூண்டிவிட்டால் கதை வேறு!

பொய் விளம்பரம்

"எங்கள் பொடியைச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் அடியோடு தீரும்!" இப்படி எழுதவே கூடாது. சர்க்கரை நோய் உள்படப் பல நோய்களைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. மக்களை ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை!

பணமோ இலவசச் சேலையோ வாங்கிக்கொண்டு வீடியோவில் புகழ்ந்து பேசுகிறவர், "இது விளம்பரம்" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பொருளைப் பற்றிப் பொய் சொன்னால் அவருக்கும் அபராதம் உண்டு.

வேறு ஊர்ப் பூவுக்கு "மதுரை மல்லி" என்று பெயர் வைக்காதீர்கள். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுங்குடிக்கும் அந்தக் குறியீடு உண்டு. பொய்யாகப் பயன்படுத்தினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில் என்கிறது சட்டம்.

படமும் பாட்டும்

வேறு கடையின் படத்தை எடுத்துப் போடுவதும், சினிமாப் பாட்டை அனுமதி இல்லாமல் விளம்பரத்தில் சேர்ப்பதும் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் சிக்கவைக்கும். நடிகர் படத்தைப் போடுவதும் ஆபத்து. தம் பெயரையும் பாணியையும் அனுமதி இல்லாமல் ஒரு படத்தில் பயன்படுத்துவதாக ரஜினிகாந்த் வழக்குப் போட்டார். 2015-ல் சென்னை ஐகோர்ட்டு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது.

கடைக்கு வந்த பெண்ணின் படத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். அது மரியாதையும் அல்ல.

குறை சொன்னால்?

"சேலை சாயம் போகிறது" என்று ஒரு அம்மா எழுதுகிறார். மிரட்டாதீர்கள். நல்லெண்ணத்தோடு சொல்லும் உண்மைக் குறை அவதூறு ஆகாது. "பில்லைக் காட்டுங்கள் அம்மா, மாற்றித் தருகிறோம்" என்று பதில் எழுதுங்கள். அந்த ஒரு பதிலைப் பார்த்துப் பத்துப் பேர் கடைக்கு வருவார்கள்.

நோட்டீசு வந்தால்?

பயப்படாதீர்கள். செல்போனில் உள்ளதை அழிக்காதீர்கள். உங்கள் பக்கத்து ஆதாரமும் அதில்தான் இருக்கும். வக்கீலைப் பாருங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச சட்ட உதவி உண்டு.

கடை வாசலில் நின்று எதை உரக்கச் சொல்லத் தயங்குவீர்களோ, அதைச் செல்போனிலும் எழுதாதீர்கள். வாசலில் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். செல்போனில் எழுதினால் நாடே படிக்கும். கோர்ட்டும் படிக்கும்!