நெஞ்சுக்குள் ஒலிக்கும் நாதம்

வீட்டிலே சௌகரியமாகச் சாய்ந்துகொண்டு பாட்டைக் கேட்டால் போதாதா, எதற்காகப் பணமும் பொழுதும் செலவிட்டு மேடைக் கச்சேரிக்கு ஓட வேண்டும் என்று ராக் சங்கீதத்தில் மனத்தைப் பறிகொடுத்த ஒரு பாஸ் கித்தார்க் கலைஞனிடம் கேட்போமானால், அவன் தரும் விடையில் ரசனைக்கு எவ்வளவு பங்குண்டோ அவ்வளவு பங்கு பௌதிக சாஸ்திரத்துக்கும் உண்டு.

பாஸ் கித்தாரின் நான்கு தந்திகளுள் மிகத் தடித்ததை மீட்டினால் அது வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. தந்தியின் நீளம் ஒரு மீட்டருக்கும் குறைவே ஆயினும், அதிலிருந்து பிறந்து காற்றில் பரவும் அலையின் நீளமோ எட்டு மீட்டரைத் தாண்டுகிறது. கைபேசியில் பொருத்தியுள்ள சிற்றொலிபெருக்கிக்கு அத்துணைக் காற்றை அசைக்கும் சக்தி இல்லாமையால், அடிநாதம் அங்கேயே அடங்கிப்போக, அதன் மடங்குகளாக எழும் மேலதிர்வுகள் மட்டுமே நம் செவியை எட்டுகின்றன; இல்லாத அடிநாதத்தை நம் மூளை தானாகவே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. ஆகவே வீட்டில் நாம் கேட்டதாக நினைப்பதில் ஒரு பகுதி நம் கற்பனையே. பெரிய ஒலிபெருக்கிகளின் முன்னே நிற்கும்போதுதான் அந்த நாதம் மார்பிலும் பாதத்திலும் படுகிறது.

ஆளுயரத்துக்கு மேற்பட்ட டபுள் பாஸ் வாத்தியத்தைச் சுமந்து திரிந்த கலைஞர்கள், மற்ற வாத்தியங்களின் ஆரவாரத்துக்கு நடுவே தங்கள் ஒலி எடுபடாமல் தவித்த காலத்தில், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பாஸ் என்னும் மின்சார வாத்தியத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகள் சுரத்தானத்தைப் பிசகாமல் காட்டின. தந்தியின் அதிர்வைக் காந்தமும் கம்பிச்சுருளும் மின்சாரமாக மாற்றின. டெட்ராய்ட் நகரத்து மோடௌன் நிறுவனத்தின் பாடல்களில் அத்தகைய வாத்தியத்தை ஜேம்ஸ் ஜேமர்சன் பெரும்பாலும் வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றாலேயே மீட்டினார். உலகமெங்கும் கேட்கப்பட்ட அப்பாடல்களின் தட்டுகளில் 1971 வரை அவர் பெயர் அச்சேறவில்லை என்பதை எண்ணும்போது இன்றும் வருத்தமே மேலிடுகிறது.

டிரம்ஸ் தாளத்தை வகுக்க, மற்றக் கித்தார்கள் சுரக்கூட்டங்களை விரிக்க, அவ்விரண்டுக்கும் உறவு உண்டாக்குவது பாஸ். ஆதலால் சுரத்தை எப்பொழுது எழுப்புவது என்பதைப் போலவே எப்பொழுது விரலை வைத்து அடக்குவது என்பதும் அக்கலைஞனுடைய வித்தையில் பாதியாகிறது. இதை நம்மவர் நன்கு அறிவர். இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் போன்றோர் வாசித்த பாஸ், குரலுக்கு அடியில் தனக்கென ஒரு மெட்டையே கொண்டு நடப்பதைக் கேட்டுப் பழகிய தமிழ்ச் செவிக்கு இந்த வாத்தியம் அந்நியமன்று.

மேடைக்கு உள்ள சக்தியை மலாய் நாட்டுக் கதையும் காட்டும். பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷாடோஸ் குழுவினரும் 1961-இல் சிங்கப்பூருக்கு வந்து சென்றபின், மலாய் நாடெங்கும் கூகிரான் எனப்பட்ட கித்தார்க் குழுக்கள் பெருகின. அந்தப் பத்தாண்டின் இறுதியில் பினாங்கில் தோன்றியதுதான் லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர்களின் ஆலிகேட்ஸ் குழு. எழுபதுகளில் ஹாங்காங்கின் மேடைகளில் பயின்று உரமேறி, பிறகு மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதன் அன்பையும் பெற்ற அவர்களை நான் ராக் என்ற சிமிழுக்குள் அடைக்க மாட்டேன். ஆயினும் இசைத்தட்டுக்கு முன்பே மேடைதான் அவர்களை உருவாக்கியது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. லோகநாதன் 2007-இல் காலமானார்; டேவிட் அதன் பிறகும் பாடிவந்தார்.

அதே பினாங்கின் பாயான் லெப்பாஸில் இன்று பெருங்கச்சேரிகளுக்கு ஸ்பைஸ் அரங்கு இருக்கிறது. முதன்முறையாக அப்படியோர் அரங்குக்குச் செல்பவர் சுவரையோ மூலையையோ ஒட்டி நிற்க வேண்டா. நீண்ட அலைகள் அங்கே குவிவதால் பாஸ் அளவுக்கு மீறி இரைந்து மற்றச் சுரங்களை விழுங்கிவிடும். வேறு சில இடங்களில் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் பாஸ் இல்லாததுபோலவே தோன்றும். கச்சேரியின் ஒலியைச் சீர்செய்பவர் தம் காதுக்குக் கேட்பதைக்கொண்டே அளவுகளை அமைக்கிறாராதலால், சபையின் நடுவே அவருடைய மேசைக்கு அருகில் இடம் பிடிப்பதே உத்தமம்.