ஒரே பிரயாணத்தில் இரண்டு சூரியோதயம்

கொழும்பிலிருந்து அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பேர்த் நகருக்கு நேர் ஆகாய வழியில் ஏறக்குறைய 3,600 மைல். வழி நெடுக இந்து சமுத்திரமே. எங்கும் தங்காது பறக்கும் ஜெட் விமானம் இத்தூரத்தை 7 மணி நேரமளவிற் கடந்துவிடும். ஆனால், இச்சமுத்திரத்தை ஒரே பறப்பிற் கடக்க 30 மணி நேரம் வரை சென்ற காலமும் ஒன்றிருந்தது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியர் கைப்பட்டதும், இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குச் சென்ற ஆகாய மார்க்கம் அறுந்துபோயிற்று. அதனை மீண்டும் இணைக்கும் பொருட்டு, 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை ஏரிக்கும் பேர்த் நகரின் சுவான் நதிக்குமிடையே குவான்டாஸ் கம்பெனியார் கடல் விமான சேவையொன்றை நடத்தலாயினர். அதற்கென அமைந்தவை 5 கட்டலினா விமானங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயர். அது வெறும் அலங்காரமன்று. யப்பானிய விமானங்கள் நடமாடும் பகுதியை இருளிலேயே கடக்க வேண்டும், வானொலியிற் பேசலாகாது, மாலுமிக்கு வழி சொல்ல நட்சத்திரங்களே இருந்தன.

கணக்கிலே விருப்பமுள்ள மாணவர்கள் இதைப் போட்டுப் பார்க்கலாம். கொக்கலையிலிருந்து பேர்த் சுமார் 3,500 மைல். விமானத்தின் வேகமோ மணிக்கு 125 மைல் மாத்திரமே. ஆகவே 28 மணி நேரம். எதிர்காற்று வீசினால் இந்தக் கணக்குப் பிழைத்துவிடும். ஒருமுறை 32 மணி 9 நிமிடம் சென்றது.

இவ்வளவு நேரம் பறப்பதற்கு வேண்டிய பெற்றோலே விமானத்தின் பாரத்திற் பெரும் பங்கை விழுங்கிற்று. குளிரைத் தடுக்கும் உள்ளுறைகளையும் கழற்றி எறிந்தார்கள். எஞ்சிய இடத்திற்கு 3 பிரயாணிகளும் 152 இறாத்தல் தபாலும்! புறப்பட்ட முதற் சில மணி நேரத்துள், இரு இயந்திரங்களில் ஒன்று நின்றுவிட்டால், அந்தப் பாரத்தோடு உயரத்திலே நிற்க மற்றதனால் இயலாது. பாதி வழி கடந்த பின்னரோ திரும்பிவர எண்ணெய் போதாது. குளிரிலும் இரைச்சலிலும் உட்கார்ந்திருந்த அம்மூவரும் இதை அறிந்திருந்தார்களோ, என்னவோ!

ஒரு நாளுக்கு மேற்பட்ட பறப்பாகையால், இடையிலேயே சூரியன் இருமுறை உதித்தான். கிழக்கு நோக்கிச் செல்பவர் சூரியனை எதிர்கொண்டு போகிறார். அவருக்கு மறு உதயம் 24 மணி நேரம் நிறையுமுன்னரே வந்துவிடும். பேர்த்திலிருந்து இலங்கைக்கு வருபவருக்கோ அது பிந்தும். பிரயாணத்தை முடித்தவர்களுக்கு ‘இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்க’த்தில் உறுப்பினரென ஒரு பத்திரமும் வழங்கப்பட்டது.

1945 ஜூலையில் கட்டலினா சேவை நிறுத்தப்படும்வரை 271 முறை சமுத்திரத்தைக் கடந்தனர். ஓர் உயிரேனும் பலியாகவில்லை. அமெரிக்காவிடமிருந்து யுத்தகால உடன்படிக்கையின்படி பெற்ற விமானங்களாதலால், யுத்தம் முடிந்ததும் அவற்றை வைத்திருக்க விதியில்லை. அத்தனை முறை கடலுக்குத் தப்பிய அவற்றை, அவுஸ்திரேலியக் கரைக்கப்பாற் கொண்டுசென்று கடலிலேயே மூழ்கடித்துவிட்டார்கள்.