துலா எவ்வாறு நீரிறைக்கின்றது?



கிணற்றடியில் நிற்கும் துலாவைக் கண்டிருக்கிறீர்களா? காணாதவர்கள் அதன் உருவத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். நிலத்தில் நாட்டிய ஆடுகால்கள். அவற்றுக்கிடையே ஓர் அச்சு. அவ்வச்சின்மேல் ஏறியிறங்கும் நீண்ட மரம். அம்மரமே துலா. அதன் நெடிய முனையிலே கொடியும் வாளியும் தொங்கும். குறுகிய அடிப்பக்கத்திலே கல்லொன்று கட்டப்பட்டிருக்கும்.

அக்கல் எதற்கு? 12 லீற்றர் நீரின் நிறை 12 கிலோகிராம். துலா இல்லாவிடின் அவ்வளவையும் உங்கள் கைகளே தூக்கவேண்டும். வெறும் வாளியின் பாரத்துக்கு மேலாக, வாளிப்பக்கத்தில் இன்னும் 6 கிலோகிராமுக்கு ஈடாகும்படி கல்லைக் கட்டுவோம். இப்போது வாளியை இறக்குவதற்கு 6 கிலோகிராம் அளவு கீழே இழுக்கவேண்டும். நிறைந்த வாளி மேலே வரும்போது பாதிப் பாரத்தைக் கல் ஏற்றுக்கொள்ளும். மீதி 6 கிலோகிராமே உங்கள் பங்கு.

வேலை குறைந்துவிட்டதா? இல்லை, இரு கூறாகப் பிரிந்துவிட்டது. கீழே இழுக்கும்போது உங்கள் உடற்பாரமே துணைசெய்வதால் களைப்புக் குறைகின்றது.

இவ்வாறு ஒரு பொறுதியைப் பற்றி இயங்கும் கோலை நெம்பு என்பர். கத்தரிக்கோலும் பாக்குவெட்டியும் அதன் இனமே. அடிமட்டம் ஒன்றின் நடுப்பகுதியைப் பென்சிலின்மேல் வைத்து, ஒரு பக்கம் இரண்டு நாணயங்களும் மறுபக்கம் அதே வகை நாணயம் ஒன்றும் வைத்துச் சமனாக்கிப் பாருங்கள். ஒற்றை நாணயம் இரு மடங்கு தூரம் விலகி நிற்கும். துலாவின் குறுகிய பக்கத்தில் கனத்த கல்லைக் கட்டுவது ஏனென்று அப்போது விளங்கும்.

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே, கல்லுக்குப் பதிலாக மனிதரே துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து அதனை ஏற்றியிறக்கினர். இதனைத் துலா மிதித்தல் என்பர். கீழே நின்றவர் பனையோலைப் பட்டையைக் கவிழ்த்து நீரை வாய்க்காலில் விட்டார். மிதித்தவர் களைத்து இறங்கியபோது கிணறும் ஓய்வுபெற்றது. நீர் மீண்டும் ஊறியது.

பின்னர் நீரிறைக்கும் இயந்திரங்கள் பெருகின. மனிதரின் பெரும்பாடு தீர்ந்தது. ஆயின், இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஆகையால் ஓர் ஆபத்தும் உடன் வந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் சுண்ணக்கல் உளது. மழைநீர் அதன் வெடிப்புகளினூடே இறங்கித் தங்குகின்றது. கடல்நீரோ அதனிலும் கனமானது. ஆதலால் நிலத்தடியிலே நன்னீர் மேலும் உவர்நீர் கீழுமாக நிற்கின்றன. மழை கொடுத்ததிலும் மிகுதியாக இறைத்தால் நன்னீர்ப் படை மெலிந்து உவர்நீர் மேலெழும். நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்து அப்படியே நிலைத்துவிட்டால், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி உயரக்கூடும். உவர்த்துப்போன கிணறு எளிதில் திருந்தாது.

துலா மிதித்தவருக்கு, "போதும்" என்று அவருடைய கால்களே சொல்லின. ஆளியை அழுத்தி நீர் பெறும் நமக்கு அதனை நம் அறிவே சொல்லவேண்டும். குளித்து முடிந்ததும், மரக்கறிப் பாத்திக்கு நீர் பாய்ந்ததும், இயந்திரத்தை நிறுத்தும்படி வீட்டிலுள்ள பெரியோருக்கு நினைவூட்டுங்கள். நாளைக்கும் அக்கிணற்றிலேதான் நீங்கள் நீரருந்த வேண்டும்.