உங்களுக்குத் தெரியுமா? நனைந்த செல்போன் ஸ்பெஷல்!

கறுப்பு, கருநீலம் மாதிரி அடர் நிறம் ஏற்றும்போது திருப்பூர் சாயப்பட்டறைகளில் லிட்டருக்கு 80 கிராம் வரை உப்பு சேர்ப்பதுண்டு. கடல் நீரில் எவ்வளவு தெரியுமா? வெறும் 35 கிராம்! அந்தச் சாயத் தண்ணீரில் செல்போன் விழுந்தால், கடலில் விழுந்ததைவிட மோசம்!

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, நினைவிருக்கிறதா? நொய்யல் ஆற்றைக் கெடுத்ததில் இந்த உப்புக்கும் பெரிய பங்கு!

செல்போனின் முதல் எதிரி தண்ணீர் அல்ல, அதில் கரைந்திருக்கும் உப்பு! கலப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் நகரவே திணறும். கடல் நீர் அதைவிட ஏறக்குறைய 9 லட்சம் மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும்!

தண்ணீரை ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்று பிரிக்க 1.23 வோல்ட்டே போதும். உங்கள் பேட்டரியில் இருப்பதோ சுமார் 3.8! நனைந்த போனை "ஆன் ஆகுதா பார்ப்போம்" என்று அமுக்குகிறவர், போர்டுக்குள் ஒரு குட்டி ரசாயன ஆலையையே திறந்துவிடுகிறார்!

போர்டில் பூக்கும் அந்தப் பச்சை? பாட்டி புளி போட்டுத் தேய்ப்பாரே, பித்தளைக் குடத்துக் களிம்பு... அதன் பங்காளிதான்!

"அண்ணா, அரிசிக்குள்ள போட்டு வெச்சனுங்க!" சர்வீஸ் கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளும் வசனம் இது. அரிசியில் போடாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது! அரிசி சோற்றுக்கு!

சிம் போடும் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பல போன்களில் ஒரு வெள்ளைப் பொட்டு ஒளிந்திருக்கும். தண்ணீர் பட்டால் சிவந்துவிடும். பொய் சொல்லவே முடியாது!

போர்டில் இருக்கும் சில கெப்பாசிட்டர்களின் நீளம் 0.4 மில்லிமீட்டர். அகலம் 0.2! பொடி உப்பின் ஒரு துகள் அளவுதான். அதில் ஒன்றே ஒன்று ஷார்ட் ஆனாலும் மொத்த போனும் பிணம்! சில சமயம் அதைப் பிடுங்கி எறிந்தாலே உயிர் வந்துவிடும்!

நூற்றுக்கணக்கில் இருக்கும் அந்தத் துகள்களில் குற்றவாளியைப் பிடிப்பது எப்படி? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது! ரோசினைச் சூடாக்கிப் புகைவிட்டு, போர்டு முழுக்க வெள்ளையாகப் படிய வைப்பார்கள். மெல்ல மின்சாரம் கொடுப்பார்கள். ஷார்ட் ஆன இடம் சூடாகும். அங்கே மட்டும் வெள்ளை உருகி மறையும். ஆசாமி சிக்கினான்! கச்சேரியில் வயலின் வில்லுக்குத் தேய்க்கிறார்களே, அதே ரோசின்!

களிம்பைக் கழுவ 99 சதவீத ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்)! 70 சதவீத பாட்டில் வேண்டாம். மீதி 30 தண்ணீராச்சே!

நகைக்கடையில் மூக்குத்தி கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போர்டும் குளிக்கும்! நொடிக்கு சுமார் 40,000 அதிர்வுகள். நம் காது 20,000-லேயே கையை விரித்துவிடும்!

'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்ற பெருமையா? சோதனை நடப்பது நல்ல தண்ணீரில்! போன் தண்ணீரைத் தாங்கும் என்று செய்த விளம்பரத்துக்காக 2020-ல் இத்தாலி ஆப்பிளுக்குப் போட்ட அபராதம் 1 கோடி யூரோ!