சேர்வது ஒன்று, முடிப்பது வேறு

1995-இல் புதுவைப் பல்கலைக்கழகம் தொடங்கிய சமுதாயக் கல்லூரி, உயர்கல்வி எட்டாத இளைஞர்க்குத் தொழிற்கல்வியின் வாயிலைத் திறந்தது. திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில், கேரள அரசின் அசாப் நிறுவனம் நடத்தும் சமுதாயத் திறன் பூங்காவும் தொழிற்பயிற்சி அளித்து வருகிறது.

இத்தகைய பயிற்சியில் சேர்ந்தவர் இடையில் நின்றுவிடாமல் காப்பது, காலத்தில் கிடைக்கும் பணம். 2015-இல் அறிமுகமான திறன் கடன், பயிற்சிக் கட்டணத்துடன் தேர்வுக் கட்டணம், நூல், கருவி ஆகியவற்றுக்கும் உதவும். சொத்துப் பிணை தேவையில்லை. படிக்கும் காலத்தில் தவணையும் இல்லை. 2024-இல் உச்சவரம்பு 1.5 லட்சத்திலிருந்து 7.5 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. கடனுக்குத் தகுதியான பயிற்சிதானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சேரும்போதே முழுச் செலவையும் பட்டியலிட்டு வங்கிக் கிளையை அணுகுங்கள். அன்றாடப் பேருந்துச் செலவைக் குடும்பம் தனியே ஒதுக்கட்டும். பணம் தேடி அலையும் நாளெல்லாம் வகுப்பு இழந்த நாளே.